முட்டிக்குக் கீழே கறி இல்லை

மதுரையில் இரவுக் கடைகளில் ஆட்டுக்கால் பாயா குடிப்பவர்கள் யாரும் கிண்ணத்தில் கறியைத் தேடுவதில்லை. எலும்பு இருக்கும், உதட்டில் ஒட்டும் பிசுபிசுப்பு இருக்கும், உறிஞ்ச ஒரு துளி மஜ்ஜை இருக்கும். சதை இருக்காது. தொடைக்கறியை எடை போட்டு விற்கும் கடைக்காரர் காலை மட்டும் எண்ணித்தான் விற்கிறார். ஒரே காலின் மேற்பகுதி முழுக்கச் சதை, கீழ்ப்பகுதி முழுக்க எலும்பும் நாணும். ஏன் இப்படி?

ஆடு நடக்கும்போதும் ஓடும்போதும் நான்கு கால்களையும் முன்னும் பின்னும் வீசிக்கொண்டே இருக்கிறது. வீசும் காலின் நுனியில் எடை கூடினால் வீசும் செலவும் கூடும். அதனால் தசையெல்லாம் தொடையிலும் தோளிலும், உடம்பை ஒட்டி நிற்கிறது. கீழே இறங்குபவை தசையின் இழுப்பைக் குளம்பு வரை கொண்டுபோகும் நாண்கள் மட்டும். கிண்ணத்தில் உதட்டை ஒட்டவைப்பது அந்த நாண்களும் தோலும் வெந்து கரைந்த கொலாஜன்தான். நடக்கும் பாலூட்டிகள் எல்லாம் இதையே செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு இங்கேயே முற்றுப்புள்ளி வைத்துவிடலாம். ஆனால் யானையின் கால் அடிவரை தடித்திருக்கிறது. குரங்கின் முன்கை மணிக்கட்டு வரை சதைப்பற்றோடு இருக்கிறது. நமக்கோ கெண்டைக்கால் என்று ஒன்று முழங்காலுக்குக் கீழே உருண்டு நிற்கிறது. நகரத்துக்குள்ளும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் ஒரு நாளில் கண்ணில் படும் விலங்குகளை மட்டும் எடுத்துக்கொண்டாலே, கால் என்ற உறுப்பு எத்தனை வகையான பேரங்களுக்கு உடன்பட்டிருக்கிறது என்று தெரியும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். மாட்டுக்கும் குதிரைக்கும் நாய்க்கும் பின்னங்கால் முட்டி பின்பக்கமாக மடங்குகிறது என்று நாம் நம்புகிறோம். இவை எதற்கும் அப்படி மடங்குவதில்லை. பின்னோக்கிக் கூராக நீட்டிக்கொண்டிருக்கும் அந்த மூட்டு குதிகால். உண்மையான முழங்கால் அதற்கு மேலே, வயிற்றை ஒட்டித் தோலுக்குள் பாதி மறைந்திருக்கிறது. அது நம்முடையதைப் போலவே முன்னோக்கித்தான் இருக்கிறது. முன்னங்காலில் நாம் முட்டி என்று சொல்வது மணிக்கட்டு. முழங்கை மார்போடு ஒட்டி மேலே இருக்கிறது. ஆக, ஆட்டின் முட்டிக்குக் கீழே கறி இல்லை என்பதை நம் உடம்பில் வைத்துச் சொன்னால், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கறி இல்லை என்றாகும். நாம் காசு கொடுத்து வாங்கும் ஆட்டுக்கால் என்பது ஆட்டின் கையும் பாதமும்தான்.

இந்த ஒப்பீடு பார்வைக்கு மட்டும் பொருந்துவதன்று, எலும்புக்கு எலும்பு பொருந்தும். மேலே ஒரு எலும்பு, கீழே இரண்டு, பிறகு சிறு எலும்புகளின் கொத்து, அதற்கு அப்பால் ஐந்து விரல்கள் வரை. ரிச்சர்ட் ஓவன் 1849இல் கால்களின் இயல்பைப் பற்றி ஒரு தனி நூலே எழுதி இந்தப் பொது அமைப்பை விளக்கினார். அவர் அதைப் படைப்பின் மூலவரைவு என்று கருதினார். பத்தாண்டுகள் கழித்து டார்வின் அதே ஒற்றுமையைப் பொது மூதாதையரின் சுவடாக வாசித்தார். ஓவனின் எலும்புகள் டார்வினின் சான்றுகளாயின என்பது அறிவியல் வரலாற்றின் சுவையான திருப்பங்களில் ஒன்று.

தரையில் எந்தப் பகுதி படுகிறது என்பதை வைத்து விலங்குகளை மூன்றாகப் பிரிப்பது பாடநூல் வழக்கம். உள்ளங்கால் முழுவதையும் பதிப்பவை: கரடி, மனிதர். குதிகாலைத் தூக்கி விரல்களில் நிற்பவை: நாய், பூனை. விரல் நுனி நகத்தில் நிற்பவை: ஆடு, மாடு, பன்றி, குதிரை. இந்த வரிசையை ஏணியாகப் பார்க்கும் பழக்கம்தான் எனக்கு உடன்பாடில்லாதது. முழுப்பாதம் பழைமை, குளம்பு வளர்ச்சியின் உச்சி என்பது போன்ற தொனி இன்னும் பல நூல்களில் இருக்கிறது. உண்மையில் ஒவ்வொன்றும் எதையோ கொடுத்து எதையோ பெற்றிருக்கிறது. குளம்புக்காரர்கள் வேகத்தைப் பெற்றார்கள். பிடிக்கவும் தோண்டவும் சுழற்றவும் முடியாமல் போனார்கள். பூனை முகத்தைத் துடைப்பது போல் மாடு ஒருநாளும் துடைக்க முடியாது.

குளம்புக்காரர்களிடையே விரல் கணக்கு வேறுபடும். பன்றிக்கு நான்கு விரல், அவற்றில் நடுவிரண்டு எடையைத் தாங்கும். மாட்டுக்கும் ஆட்டுக்கும் மூன்றாம், நான்காம் விரல்கள் மட்டும் தரையில். இரண்டாவதும் ஐந்தாவதும் பின்பக்கம் சிறு குளம்புகளாகத் தொங்குகின்றன. விரலுக்கு மேலே இருக்கும் நீண்ட ஒற்றை எலும்பு இரண்டு உள்ளங்கை எலும்புகள் ஒட்டிச் சேர்ந்தது. பாயா எலும்பை நன்றாகக் கழுவிப் பார்த்தால் அதன் முன்பக்கத்தில் நெடுக ஒரு வரிப்பள்ளமும், கீழ்முனையில் இரு உருளைகளாகப் பிளவும் தெரியும். குதிரை இதையும் தாண்டி நடுவிரல் ஒன்றின் நகத்தில் நிற்கிறது. பக்கத்து விரல்களின் மிச்சம் இரண்டு ஊசி எலும்புகளாகத் தோலுக்குள் ஒளிந்திருக்கிறது. இந்த மிச்சத்தின் வரலாறு புதைபடிவங்களில் இருக்கிறது. முன்னங்காலில் நான்கு விரல்கள் கொண்ட பழங்குதிரைகள் வட அமெரிக்காவில் கிடைத்தன. மூன்று விரல் ஹிப்பேரியன் குதிரைகளின் எலும்புகள் நம் சிவாலிக் மலைப் படிவுகளிலேயே உண்டு. அவற்றை ஒரே நேர்க்கோட்டில் அடுக்கிய பழைய படங்களை நம்ப வேண்டாம். குதிரைக் குடும்பம் பல கிளைகளாகப் பரவி, ஒரு கிளை மட்டும் எஞ்சியது.

குதிரை நின்றபடியே தூங்கும். பின்னங்காலில் முழங்கால் சில்லு தொடை எலும்பின் ஒரு மேட்டில் கொக்கி போட்டுக்கொள்ள, நாண்களும் இணைப்பு நார்களும் சேர்ந்து மிகக் குறைந்த தசை உழைப்பிலேயே காலை மடங்காமல் நிறுத்திவிடுகின்றன. ஆழ்ந்த உறக்கத்துக்கு மட்டும் அது படுத்தாக வேண்டும். மாட்டுக்கு இந்த வசதி இந்த அளவுக்கு இல்லை. எழும் முறையிலும் இரண்டும் எதிரெதிர்: மாடு முதலில் பின்பக்கத்தைத் தூக்கும், குதிரை முதலில் முன்னங்கால்களை ஊன்றும். தொழுவத்துக்காரர்களுக்கு இது புதிய செய்தியல்ல.

லாடம் அடிப்பவர்களுக்கும் விரல் கணக்கு நன்றாகத் தெரியும். குதிரைக்கு வளைந்த ஒரே லாடம். நிற்கவைத்துக் காலை மடக்கிப் பிடித்து அடிப்பார்கள். காளைக்குப் பிளவுக்குளம்பு என்பதால் ஒரு காலுக்கு இரண்டு தகடுகள். கயிற்றால் கட்டிச் சாய்த்துப் படுக்கவைத்துத்தான் அடிப்பார்கள். மண்ணுக்கான குளம்பு தார்ச்சாலையில் வேகமாகத் தேய்வதால் வந்த தொழில் இது. வண்டிமாடு குறையக் குறைய அந்தத் தொழிலும் மறைந்துகொண்டிருக்கிறது. எருமைக்குக் குளம்பு அகலம், விரல்கள் விரிந்துகொடுக்கும், மூட்டுகள் தளர்ந்து வளையும். சேற்று வயலில் அதன் நடை காளையின் நடையைவிட நிதானமாக இருப்பதற்கு இதுவும் காரணம். வெள்ளாட்டின் குளம்போ விளிம்பில் கடினம், உள்ளே மெத்து. விளிம்பு பாறையின் சிறு பிளவில் கவ்வும், உள்மெத்து வழுக்காமல் பிடிக்கும். நாகமலைச் சரிவில் மேயும் ஆடுகளைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

இனி திமிலுக்கு வருவோம். மாடு, ஆடு, குதிரை, யானை எதற்கும் காறை எலும்பு கிடையாது. நாய்க்குப் பெயரளவுக்கு ஒரு துணுக்கு, பூனைக்கு எதனோடும் சேராமல் மிதக்கும் ஒரு சிறு குச்சி. நமக்குக் காறை எலும்பு கையை நெஞ்செலும்போடு பிணைக்கிறது. இவற்றுக்கோ முன்னங்காலுக்கும் உடலுக்கும் இடையே ஒரு எலும்பு மூட்டுகூட இல்லை. இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவே, தூளியில் கிடக்கும் குழந்தை போல, நெஞ்சுக்கூடு தசைகளில் தொங்குகிறது. நிற்கும் குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் இறங்குகிறது என்பதை நினைத்தால் அந்தத் தசைகளின் பளு புரியும். பாய்ந்து இறங்கும்போது ஏற்படும் அதிர்ச்சியை எலும்பு வாங்காமல் தசை வாங்கிக்கொள்வது இந்த அமைப்பின் ஆதாயம். தோள்பட்டையே முன்பின் வழுக்கி நகர்வதால் எட்டும் நீள்கிறது.

தோள்பட்டையைக் கழுத்தோடும் முதுகோடும் கட்டும் தசைகளில் ஒன்று சாய்சதுரத் தசை. நாட்டு மாடுகளில் அது பெருத்து, கொழுப்பும் கூடி, மேலே எழுந்து நிற்கிறது. அதுதான் திமில். அவனியாபுரத்திலும் பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் ஜல்லிக்கட்டில் வாலைப் பிடிக்கக் கூடாது, கொம்பைப் பிடிக்கக் கூடாது, திமிலை மட்டுமே அணைய வேண்டும் என்பது விதி. அப்படி அணைபவர் பிடித்திருப்பது முன்னங்காலை உடம்போடு சேர்க்கும் தசை ஒன்றை. காளை ஒவ்வொரு முறை துள்ளும்போதும் அவர் மார்புக்கடியில் அது இறுகித் தளர்கிறது. வாடிவாசலுக்கு முன்னால் தென்னை நார்க்கழிவைக் கனமாகப் பரப்பி வைப்பது வீரர்கள் விழுந்தால் அடிபடாதிருக்க என்று பலர் நினைக்கிறார்கள். காளைக்கும் அது வேண்டும். கடினத் தரையில் குளம்பு வழுக்கினால், பக்கவாட்டில் விரியும் காலைத் தடுக்க முன்பக்கத்தில் எலும்பு மூட்டு இல்லை, தசைதான் கிழிய வேண்டும்.

நாயைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் தனிக் கட்டுரைக்குரியவை. ஒன்று மட்டும் சொல்கிறேன். குதிரையின் நாலுகால் பாய்ச்சலில் நான்கு கால்களும் தரையை விட்டு எழும் கணம் ஒரு சுற்றுக்கு ஒன்று, கால்கள் வயிற்றடியில் குவிந்திருக்கும்போது. வேட்டை நாய்க்கு அது இரண்டு: குவிந்திருக்கும்போது ஒன்று, முழுக்க நீண்டு விரிந்திருக்கும்போது இன்னொன்று. முதுகெலும்பு வளைந்து நிமிர்வதால்தான் இரண்டாவது கிடைக்கிறது. அதாவது நாய் முதுகையும் சேர்த்து ஓடுகிறது. குதிரையின் பெருவயிறும் விறைத்த முதுகும் அதற்கு இடம் தருவதில்லை.

யானை இந்தக் கணக்குகளையெல்லாம் தலைகீழாக்குகிறது. ஒரு உடலின் நீள அகல உயரம் இரட்டிப்பானால் எடை எட்டு மடங்காகும். எலும்பின் குறுக்குப் பரப்பு நான்கு மடங்குதான் ஆகும். பெரிய விலங்கின் எலும்பு விகிதத்துக்கு மீறித் தடித்தாக வேண்டும் என்று கலிலியோ 1638இலேயே எழுதிவிட்டார். ஆனால் தடிப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. மீதியை விலங்குகள் நிற்கும் விதத்தால் சமாளிக்கின்றன என்று ஆண்ட்ரூ பீவெனர் 1989இல் காட்டினார். எலி மூட்டுகளை மடக்கிப் பதுங்கி நடக்கும். உடல் பெருக்கப் பெருக்கக் கால் நிமிரும். நிமிர்ந்த காலில் எடை எலும்பின் வழியே நேராக இறங்குவதால் மூட்டைப் பிடித்து நிறுத்தத் தசை குறைவாகப் போதும். யானை இந்தப் போக்கின் எல்லையில் நிற்கிறது. தொடை எலும்பு செங்குத்து, முழங்கால் தாழ்ந்து வெளியே தெரிகிறது. காலெலும்புகளுக்குள் வெற்றுக் குழாயாக மஜ்ஜை அறை கிடையாது, எங்கும் நுண்வலை எலும்பு நிரம்பியிருக்கிறது. யானைக்கால் எலும்பில் நல்லி உறிஞ்ச முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

யானைக்கு நான்கு முழங்கால், அது உலகிலேயே யானைக்கு மட்டும் என்று வினாடி வினா நூல்கள் சொல்கின்றன. தவறு. பாகன் ஏறுவதற்காக முன்னங்காலை மடக்கும்போது மடங்குவது மணிக்கட்டு. மாட்டுக்கும் அங்கேதான் மடங்குகிறது. முழங்கால் பின்னால் இரண்டுதான்.

பாதம்தான் அதில் பெரிய ஆச்சரியம். வெளியிலிருந்து பார்த்தால் உரல்போல் தட்டையாகப் பதிந்திருக்கிறது. உள்ளே எலும்புகள் ஏறத்தாழ விரல் நுனியில் நிற்கும் கோணத்தில் சரிந்திருக்கின்றன. குதிகாலுக்கடியில் உள்ள வெற்றிடத்தைக் கொழுப்பும் நாரும் சேர்ந்த பெரிய திண்டு நிரப்புகிறது. ஐந்து விரல்களும் உண்டு. ஆசிய யானைக்கு வெளியே தெரியும் நகங்கள் பொதுவாக முன்னால் ஐந்து, பின்னால் நான்கு. எடை ஏறும்போது பாதம் விரிகிறது, தூக்கும்போது சுருங்குகிறது, அதனால் சேற்றிலிருந்து எளிதாக உருவ முடிகிறது. முன்பாதச் சுவட்டின் சுற்றளவை இரட்டித்தால் தோள் உயரம் ஏறத்தாழக் கிடைக்கும் என்பது காட்டில் வேலை செய்பவர்களின் பழைய கணக்கு. அளந்து பார்த்தவர்களும் அதை ஒப்புகிறார்கள். 1706இல் ஸ்காட்லாந்தின் டண்டீ அருகே இறந்த ஒரு யானையை அறுத்துப் பார்த்த மருத்துவர் பேட்ரிக் பிளேர், ஐந்து விரலுக்கு அப்பால் ஆறாவது போன்ற ஒன்றைக் குறித்துவைத்தார். முந்நூறு ஆண்டுகள் அது குருத்தெலும்புக் கட்டி என்றே ஒதுக்கப்பட்டது. 2011இல் ஜான் ஹட்சின்சன் குழுவினர் அது நாணுக்குள் வளர்ந்து நீண்ட எலும்பு என்றும், திண்டுக்குள் பின்னோக்கி நீண்டு எடையைத் தாங்குகிறது என்றும் காட்டினார்கள். அதே ஹட்சின்சன் 2003இல் தாய்லாந்து யானைகளை ஓடவிட்டு அளந்தவர். மணிக்கு சுமார் 25 கிலோமீட்டர் வரை போனாலும் நான்கு கால்களும் ஒருசேரத் தரையை விட்டு எழுவதில்லை. ஆனால் பின்னங்கால்களில் ஓட்டத்துக்குரிய துள்ளல் இருக்கிறது. ஓடுகிறதா, நடக்கிறதா என்ற கேள்விக்கு யானை பாதி பாதியாகப் பதில் சொல்கிறது.

இந்தப் பாதம் நாள்தோறும் பல கிலோமீட்டர் மண்ணில் நடந்து தேய்வதற்கானது. தேயாவிட்டால் நகமும் உள்ளங்கால் தோலும் மிகையாக வளர்ந்து வெடிக்கும், வெடிப்பில் சீழ் பிடிக்கும். உலகெங்கும் வளர்ப்பு யானைகளின் பெரும் நோய்களில் கால் நோய் முன்வரிசையில் இருப்பதற்குக் கல் தரையும் கான்கிரீட்டும் நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்பதும் காரணங்கள். கோயில் யானைக்குக் கூடாரமும் குளியல் தொட்டியும் கட்டும் நன்கொடையாளர்கள் முதலில் ஒரு வண்டி மண் வாங்கித் தரலாம்.

அழகர்கோவில் குரங்குகளிடம் வேறொரு பேரம். அவற்றின் பாதத்தில் பெருவிரல் விலகிக் கிளையைப் பிடிக்கும். எடை முன்னங்கால்களைவிடப் பின்னங்கால்களில் கூடுதலாக இருக்கும். காறை எலும்பு முழுதாக இருக்கும். அடி வைக்கும் வரிசைகூட மாறுகிறது. மாடு, நாய், யானை எல்லாம் இடப் பின்கால், இடமுன்கால், வலப் பின்கால், வலமுன்கால் என்று நடக்கும். குரங்கு பெரும்பாலும் இடப் பின்காலுக்கு அடுத்து வலமுன்கையை வைக்கும். தேவாங்கும் இந்தப் பிடிக்கும் கூட்டம்தான். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் 2022 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட கடவூர் சரணாலயம் தேவாங்குக்கென்றே அமைந்த நாட்டின் முதல் சரணாலயம். தேவாங்கின் கைகால்கள் குச்சி போன்றவை. அது தாவுவதில்லை, கிளைக்குக் கிளை பிடித்துப் பிடித்து நடக்கும். பிடி அகலமாவதற்காகச் சுட்டுவிரல் குறுகிக் குட்டையாகிவிட்டது. பின்னங்காலின் இரண்டாம் விரலில் மட்டும் ரோமம் கோதும் கூர்நகம் ஒன்று. கைகால்களில் இரத்தக் குழாய்கள் கற்றையாகப் பிரிந்து ஓடுவதால் நெடுநேரம் இறுகப் பற்றியிருக்க முடிகிறது என்று கருதப்படுகிறது.

மனிதப் பாதமும் குரங்குப் பாதம்தான், பிடிப்பை விட்டுக்கொடுத்தது. பெருவிரல் மற்ற விரல்களோடு வரிசையில் சேர்ந்தது, உள்ளங்கால் வளைந்து வில்லானது. ஒரு பாதத்துக்கு 26 எலும்புகள். உடலின் 206இல் நான்கில் ஒரு பங்கு இரண்டு பாதங்களிலேயே முடங்கிக் கிடக்கிறது. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்கு அவற்றில் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியவரும்.

அடி வரிசை விஷயத்தில் ஓவியர்களும் சிற்பிகளும் சறுக்குவது உலக வழக்கம். ஓடும் குதிரையின் கால்கள் எங்கெங்கே இருக்கின்றன என்பது 1878இல் மைபிரிட்ஜ் கலிபோர்னியாவில் எடுத்த தொடர் ஒளிப்படங்களுக்குப் பிறகே தெளிவானது. அதற்குப் பிறகும் திருந்தியதாகத் தெரியவில்லை. ஹங்கேரியைச் சேர்ந்த காபோர் ஹோர்வாத் குழுவினர் 2009இல் அருங்காட்சியக மாதிரிகளையும் பொம்மைகளையும் விலங்கு உடற்கூற்று நூல்களையும் சோதித்தபோது, நடை தவறாகக் காட்டப்பட்டவை பாதிக்கு அருகில் இருந்தன. நூல்கள் பொம்மைகளைவிட மோசம். மதுரைச் சிற்பிகளுக்கு இந்தச் சிக்கல் அதிகமில்லை. புதுமண்டபத்துக் குதிரைகள் முன்னங்கால்களைத் தூக்கிப் பாய்ந்து நிற்பவை, நடப்பவை அல்ல. யாளிக்கு நடையே கேட்க வேண்டியதில்லை. ஆனால் அதற்குத் துதிக்கை வைத்தாலும் கொம்பு வைத்தாலும், பாதத்தை மட்டும் நகமுள்ள சிங்கப் பாதமாகவே செதுக்கியிருக்கிறார்கள். பாய வேண்டிய உடம்புக்கு யானைப் பாதம் பொருந்தாது என்பதைக் கல்தச்சர் அறிந்திருந்தார்.

காலெலும்பைப் படிக்கும் இந்த அறிவு மருத்துவருக்கும் சிற்பிக்கும் அப்பால் இன்னொருவருக்கும் பயன்படுகிறது. மதுரையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் அளவில் இருக்கும் கீழடியில் கிடைத்த விலங்கெலும்புகள் புனேயின் டெக்கான் கல்லூரிக்கு ஆய்வுக்குப் போயின. காளை, பசு, எருமை, வெள்ளாடு, செம்மறியாடு, கலைமான், காட்டுப்பன்றி, மயில் என்று பட்டியல் வந்தது. உடைந்த துண்டுகளிலிருந்து இப்படிப் பெயர் சொல்லக் காலின் முனை எலும்புகள் பெரிதும் உதவும். அவை கெட்டியானவை, எளிதில் மக்காதவை. குதிகால் மூட்டில் உருளும் ஒரு சிறு எலும்பு இரு முனையிலும் கப்பி போலிருந்தால் இரட்டைக் குளம்புக்காரர் வீட்டுச் சொத்து. 2001இல் பாகிஸ்தானில் கிடைத்த ஐந்து கோடி ஆண்டுக்கு நெருங்கிய திமிங்கில மூதாதையரின் கணுக்காலிலும் இதே கப்பி இருந்ததால்தான், திமிங்கிலம் மாட்டின் தூரத்து உறவு என்பது எலும்பிலும் உறுதியானது. செம்மறியையும் வெள்ளாட்டையும் பிரிப்பது கடினமான வேலை. பாயா எலும்பின் கீழ்முனையில் உள்ள இரு உருளைகளின் வடிவத்தையும் அகலத்தையும் அளந்து அதைச் செய்கிறார்கள்.

இன்னொன்றும் காலெலும்பில் எழுதியிருக்கும். ஏர் இழுத்தும் வண்டி இழுத்தும் பல ஆண்டு உழைத்த மாட்டின் விரலெலும்புகள் அகன்று, மூட்டோரங்களில் புதிய எலும்பு முளைத்துக் கரடுதட்டிப் போகும். பால்மாட்டுக்கும் கிடைமாட்டுக்கும் அந்த அளவுக்கு வருவதில்லை. ஐரோப்பாவில் 1990களில் இழுவை மாடுகளின் கால்களை வைத்து இந்த மாற்றங்களைத் தரம் பிரித்து மதிப்பெண் போடும் முறை ஒன்று உருவானது. வைகைக்கரையில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் நின்ற மாடு பால் கறந்ததா, ஏரில் பூட்டப்பட்டதா என்பதை அதன் மூன்றாம், நான்காம் விரல்களிடம் இந்த முறையில் கேட்கலாம்.